எஜமானின் இருமல்

இருமல் சத்தம் கேட்டதும் கார்ப்புஸ் வாயிலிருந்த கொண்டைக்கடலையை மெல்லாமல் விழுங்கினான். எஜமான் பின்னால் வந்து நிற்கிறார் என்று நினைத்தான். குட்டையாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் ஈரக் கம்பளியை முறுக்கிப் பிழிகிறது போலத் தொண்டையில் ஒரு சத்தம். சலவைப் பட்டறையில் கந்தகப் புகையைக் குடித்துக் குடித்தே கிழவரான ஹெல்வியுஸைத் தவிர ரோமில் வேறு யாருக்கும் இப்படி இருமத் தெரியாது. திரும்பிப் பார்த்தான். பின்னால் பலகைச் சுவர்தான் இருந்தது. எஜமான் எங்கோ முன்னால், நடு வரிசையில், மற்ற சலவைக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகு அசையவில்லை. இருமல் மேடையிலிருந்து வந்திருந்தது.

ஃப்ளோரா திருவிழாவின் கூத்து. உட்கார இடமில்லாத அடிமைகள் கடைசி வரிசைக்குப் பின்னால் நெருக்கி நின்று, கூட்டத்துக்கு வீசப்பட்ட கடலையில் தங்கள் பங்கைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் கூத்தாடி அந்தெரோஸ் ஒரு கட்டிலில் கிழட்டு எஜமானாகப் படுத்து இருமினான். இருமி முடித்ததும் துள்ளி எழுந்து கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து அடிமையாக நின்றான். அந்த அடிமைக்கு வலது முழங்கால் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. தொட்டியில் துணி மிதித்து மிதித்து வளைந்த கால் அது. கார்ப்புஸ் தன்னுடைய காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அடிமை இருமலைக் கேட்டான். மெல்லக் கையைத் தூக்கித் தன் தலையைத் தடவிப் பார்த்தான். தலையில் ஒன்றும் இல்லை. முகம் தொங்கிப்போய் மறுபடி வேலைக்குத் திரும்பினான். கட்டிலுக்கு ஓடினான், இருமினான், ஓடி வந்தான், தலையைத் தடவினான். அடிமைகள் நின்ற இடத்தில் முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருவன் கனைத்தான். பிறகு பலகைகள் ஆட ஆரம்பித்தன.

அவன் தலையில் தடவித் தேடிய தொப்பி என்னவென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உயிலில் விடுதலை எழுதி வைத்த எஜமான் செத்தால் அவருடைய பாடைக்கு முன்னால் புதுக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கலாம். அன்றிலிருந்து சொந்த ஆள். ஹெல்வியுஸ் தன் உயிலில் இன்னும் சிலருடைய பெயரோடு கார்ப்புஸின் பெயரையும், கம்பளி சீவுகிற நெப்ரிஸின் பெயரையும் எழுதியிருந்தார். அதைப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லியும் இருந்தார். கார்ப்புஸும் நெப்ரிஸும் புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் இருந்தார்கள். ஆனால் அடிமைகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. தொப்பி வந்தால் அதுவும் வரும்.

அந்தெரோஸ் மேடையின் விளிம்புக்கு வந்தான். சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு சத்தமே போடாமல் ஒரு வரி சொன்னான். அடிமையின் காதைப் பற்றி, எஜமானின் நெஞ்சைப் பற்றி, சின்ன வரி. அவனுடைய கூத்தில் எப்போதும் இப்படி ஒன்று வரும். அடி, உதை, வழுக்கி விழுதல், அம்மணக் கூத்து எல்லாவற்றுக்கும் நடுவில், மனுஷன் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகும் ஒரு வரி. ஜனங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், கரியால் சுவரில் எழுதுவார்கள், வாத்தியார்கள் பிள்ளைகளின் மெழுகுப் பலகையில் எழுதிக் கொடுத்து நகலெடுக்கச் சொல்வார்கள். கூத்து முதலாளி அந்தெரோஸை விலைக்கு வாங்கியதே அதற்காகத்தான்.

கார்ப்புஸ் அந்த வரியைக் கேட்டான். முதலில் புரியவில்லை. பிறகு உள்ளங்கால் சில்லிட்டது.

அது அவன் சொன்னது. போன வருஷம், குளிர்காலத்தில், தொட்டிக்குள் நின்று சொன்னது. அப்போது அந்தெரோஸ் இன்னும் பட்டறையில்தான் இருந்தான். பக்கத்துப் பக்கத்துத் தொட்டி. தெருமுனைச் சட்டிகளில் ஊர்க்காரர்கள் பெய்துவிட்டுப் போன மூத்திரத்தை, அழுக்கு போவதற்காகத் தண்ணீரோடு கலந்து ஊற்றி, முழங்கால் வரை அதில் நின்று, இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை மிதிக்க வேண்டும். காலில் புண் ஆறவே ஆறாது. பேசாமல் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். அந்தெரோஸுக்கு வாய் அதிகம். கார்ப்புஸ் எப்போதாவதுதான் பேசுவான். அன்றைக்கு மாடியில் எஜமான் இருமியதும் தன்னையறியாமல் சொன்னான்:

"அவர் இருமும்போதெல்லாம் என் தலையில யாரோ தொப்பியைக் கொண்டாந்து வைக்கிற மாதிரி இருக்குடா. இருமல் நின்னா கழட்டிக்கிறாங்க. நல்ல மனுஷன்தான் அவரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி குடுத்தாரு. ஆனாலும் காது அங்கயே போவுது. நான் என்ன ஜென்மம்டா?"

அந்தெரோஸ் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டான். "யார்கிட்டயும் சொல்லாதண்ணே," என்றான். "என்கிட்ட சொன்னது என்னோட போச்சு."

மேடைக்குக் கீழே கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. எவனோ ஒருவன், தொப்பி, தொப்பி என்று கத்தத் தொடங்கினான். அது பரவியது. அந்தெரோஸுக்கு விடுதலை கொடு என்று ஊரே கூத்து முதலாளியைப் பார்த்துக் கத்தியது. இப்படிக் கத்தினால் மறுக்க முடியாது; மறுத்தால் அடுத்த திருவிழாவுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். முதலாளி புளித்த முகத்தோடு மேடையேறி, விடுவிக்கிறேன் என்று கையைத் தூக்கிச் சொன்னார். யாரோ ஒரு தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். அதை அந்தெரோஸின் தலையில் வைத்தார்கள். அவன் அழுதான். அன்றைய நாளில் அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை.

நடு வரிசையில் சலவைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி ஹெல்வியுஸைப் பார்த்தார்கள். ஒருவர் அவருடைய தோளைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். ஹெல்வியுஸும் கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பட்டறையில் ஒன்றும் நடக்கவில்லை. கார்ப்புஸ் சாட்டையை எதிர்பார்த்தான். சாட்டை வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஹெல்வியுஸ் எப்போதும் போலக் காயப்போட்ட துணிகளைத் தொட்டுப் பார்த்தார், கந்தகச் சட்டியை நகர்த்தி வைத்தார். இருமல் வந்தபோது மட்டும் இடுப்பிலிருந்த துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகு தினமும் அப்படித்தான். தன் பட்டறையில், தன் வீட்டில், அந்தக் கிழவர் இரும வெட்கப்பட்டார். துணி சீவுகிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சில நாள் கழித்து சாட்சிகள் வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள், டோகா என்கிற நீள மேலாடை கட்டி, முத்திரை மோதிரம் போட்டு. மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு முத்திரை வைக்க மெழுகு உருக்கினார்கள். வாசனை கீழே வரை வந்தது. உயிலை மாற்றுகிறார்கள் என்று கழுதைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு ஹெல்வியுஸ் கார்ப்புஸை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். காயும் டோகாக்களுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என் இருமல் எப்படி இருந்துச்சு?" என்றார்.

கார்ப்புஸ் தரையைப் பார்த்தான்.

"என்னைவிட நல்லா இருமுறான் அந்தப் பய. கடைசியில வர்ற அந்த இழுப்பு இருக்கே, அது எனக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது." துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கால் உன்னுது. பேச்சும் உன்னுதுதான?"

"ஐயா, நான் அப்படி நெனச்சு..."

"சும்மா இரு. பொய் சொல்லிப் பழகாத, உனக்கு வராது." கொஞ்ச நேரம் துணிகள் காற்றில் அடித்துக்கொள்வதைப் பார்த்தார். "நானும் அடிமையா இருந்தவன்தான். என் எஜமானுக்கு மூச்சிறைப்பு. பக்கத்து அறையில தரையில படுத்துக்கிட்டு அவர் மூச்சைக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். ஒரு மூச்சு நின்னு அடுத்தது வரத் தாமசமானா என் நெஞ்சு குதிக்கும். இப்படியே எத்தனையோ வருஷம். அதனால உன் மேல கோவம் இல்ல."

கார்ப்புஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"பயம்தான் இருக்கு," என்றார் ஹெல்வியுஸ். "கேட்டுக்கிட்டே கெடந்தவனுக்கு ஒரு நாள் என்ன தோணும்னு எனக்குத் தெரியும். எனக்கும் தோணுச்சு. தலகாணி கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நான் எடுக்கல. நீ எடுக்க மாட்டேன்னு நான் எப்படித் தூங்கறது?"

"நெப்ரிஸ்?" என்றான் கார்ப்புஸ்.

"அவ பேரு அப்படியே இருக்கு. அவளும் நெனச்சிருப்பா. சொல்லல. நான் செத்தா அவ தொப்பி போட்டுக்குவா. நீ என் அக்கா பையனோட மாவு ஆலைக்குப் போவ. உன்னை யாரும் எப்பவும் விடுவிக்கக் கூடாதுன்னும் எழுதியாச்சு." எழுந்து, காய்ந்திருக்கிறதா என்று ஒரு டோகாவின் ஓரத்தைத் தடவினார். "இனிமே நான் நல்லா இருக்கணும்னு உன்னைவிட யாரும் வேண்டிக்க மாட்டாங்கடா. போ. வேலையைப் பாரு."

மாவு ஆலை என்றால் என்ன என்று கார்ப்புஸுக்குத் தெரியும். கழுதை செத்துப்போனால் அந்த இடத்தில் ஆளைக் கட்டுவார்கள். கண்ணில் மாவு ஏறி இரண்டு வருஷத்தில் பார்வை போகும். அங்கேயிருந்து திரும்பி வந்த யாரையும் அவன் பார்த்ததில்லை.

நெப்ரிஸிடம் சொன்னபோது அவள் சீப்பை நிறுத்தவில்லை. முள் சீப்பு துணியின் மேல் கரகரவென்று போய் வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"எதை?"

"அந்த இருமல் கதையை. என் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு நாள்கூட சொல்லல. அந்த நாறப்பயகிட்ட போய் சொல்லியிருக்க."

"உனக்குப் பயமா இருக்கும்னுதான்..."

"நானும் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன்," என்றாள் நெப்ரிஸ். "ரெண்டு பேரும் தனித்தனியா கேட்டுக்கிட்டுக் கெடந்திருக்கோம். இப்ப ஊரே சேர்ந்து கேக்குது."

அந்தெரோஸைப் பார்க்க கார்ப்புஸுக்குக் கோடைகாலம் முடிய வேண்டியிருந்தது. துணி கொடுக்கப் போன வழியில், ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடையில், தொப்பியோடு உட்கார்ந்து பன்றிக் குடல் தின்றுகொண்டிருந்தான். கடைச் சுவரில் அந்த வரி கரியால் எழுதியிருந்தது. யாரோ பக்கத்தில் ஓர் ஆபாசப் படமும் போட்டிருந்தார்கள்.

"வாண்ணே, உக்காரு," என்று நகர்ந்து இடம் விட்டான். "ரெண்டு வாய் சாப்பிடு. எளச்சிட்ட."

கார்ப்புஸ் உட்காரவில்லை. "தொப்பி நல்லா இருக்கு."

"அரிக்குது. புதுக் கம்பளி." தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். "கேள்விப்பட்டேன். உயில் விஷயம். என்னால நம்பவே முடியல. நான் உன் பேரைச் சொன்னேனா?"

"காலைக் காட்டினே. இருமலைக் காட்டினே. பேரு எதுக்கு?"

"இருமல் இல்லாம அந்த வரி நிக்காதுண்ணே. நானும் செஞ்சு பாத்தேன். சும்மா சொன்னா ஒருத்தனும் சிரிக்கல."

"வேற யாரோட இருமலையாவது இருமியிருக்கலாம்."

"வேற எதுவும் இவ்வளவு நல்லா இல்ல," என்றான் அந்தெரோஸ். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வெட்கம் இல்லை. தச்சன் மரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னான். "இங்க பாரு. இந்த ஊர்ல அடிமையா இருக்கிற ஒவ்வொருத்தனும் அதைத்தான் நெனைக்கிறான். அதனாலதான் அப்படிக் கத்தினாங்க. அது எப்படி உன்னுது ஆகும்?"

"எல்லாரும் நெனச்சாங்க," என்றான் கார்ப்புஸ். "நான் உன்கிட்ட சொன்னேன்."

அந்தெரோஸ் குடலை மென்றபடி அவனைப் பார்த்தான். பிறகு அவனுடைய கண் கார்ப்புஸின் தோளைத் தாண்டி எங்கோ போனது. உதடு லேசாக அசைந்தது. கார்ப்புஸுக்கு அந்தப் பார்வை தெரியும். தொட்டியில் நின்ற காலத்திலேயே பார்த்திருக்கிறான். இப்போது சொன்ன வார்த்தைகளையும் அவன் எடைபோட்டுக்கொண்டிருந்தான். கார்ப்புஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு கார்ப்புஸ் எஜமானைப் பார்த்துக்கொண்டது போலத் தாய்கூடப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டாள். தேனைச் சூடான திராட்சை ரசத்தில் கலக்கி விடியலில் கொண்டுபோய் நிற்பான். கந்தகச் சட்டி பக்கம் அவரை விடமாட்டான். இரவில் அவருடைய கதவுக்கு வெளியே படுத்தான். முன்பு எந்தக் காது இருமலுக்காகக் காத்திருந்ததோ அதே காது இப்போது அதே சத்தத்துக்கு நடுங்கியது. ஒவ்வொரு இருமலிலும் திரிகைக் கல் ஒரு சுற்று சுற்றியது. தெருவில் அவனைக் காட்டி, பாருங்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு விசுவாசம் என்று சொன்னார்கள். ஹெல்வியுஸ் தேனைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, கணக்கு சரியாகப் போட்டவர் போல, லேசாகச் சிரிப்பார். வாயில் துணி வைப்பதை விட்டுவிட்டார். அவன் முன்னால் தாராளமாக இருமினார்.

எல்லாம் செய்தும் கிழவர் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஒரு பகல் வேளையில், கார்ப்புஸ் கொண்டுவந்த தேனைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, இருமாமலே போய்விட்டார். கார்ப்புஸ் கோப்பையைப் பிடித்தபடி அடுத்த இருமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

சலவைக்காரர் சங்கம் செலவைப் பார்த்துக்கொண்டது. பெரிய சாவு. கொம்பு ஊதுகிறவர்கள், கூலிக்கு மாரடிக்கிற பெண்கள், பந்தம் எல்லாம் வந்தது. செத்தவரைப் போல நடந்து, பேசி, கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஒரு கூத்தாடியும் வேண்டும், அது வழக்கம். யாரைக் கூப்பிடுவது என்பதில் சங்கத்துக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரிலேயே ஹெல்வியுஸின் இருமல் தெரிந்தவன் அவன்தானே. அவன் கட்டிக்கொள்ள எஜமானின் டோகாவைக் கேட்டு அனுப்பினார்கள். கார்ப்புஸ்தான் அதை மிதித்தான், அலசினான், கந்தகம் காட்டினான், வெள்ளைச் சுண்ணம் தேய்த்துப் பளபளக்க வைத்தான். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. கொம்புகளுக்குப் பின்னால் அந்தெரோஸ். அவனுக்குப் பின்னால் புதுத் தொப்பி போட்டவர்கள் நாலைந்து பேர், அவர்களில் நெப்ரிஸ். பிறகு பாடை. பாடைக்குப் பின்னால், தொப்பி இல்லாத அடிமைகளோடு கார்ப்புஸ். அவனுக்குப் பக்கத்தில் மாவு ஆலையின் கங்காணி, தடித்த கழுத்துக்காரன், நடந்து வந்தான். கயிறு எதுவும் கட்டவில்லை. சாவு வீட்டில் கயிறு கட்டினால் நன்றாக இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தெரோஸ் நன்றாகவே செய்தான். தெருவோரத்துத் துணிகளைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தான். மூத்திரச் சட்டியை எட்டிப் பார்த்து, இன்னும் நிரம்பவில்லையா என்று ஒரு பெரிய மனிதரைக் கேட்டான். இருமினான். மாடி ஜன்னல்களில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சந்தைத் திருப்பத்தில் கூட்டம் அதிகமாக இருந்தது. அங்கே அவன் திரும்பி, தொப்பிக்காரர்களைத் தாண்டி, தன் பாடையையே தாண்டி, எஜமானின் நடையில் பின்னால் வந்தான். கார்ப்புஸின் முன்னால் வந்து நின்றான். பக்கத்தில் பார்க்கும்போது முகத்தில் பூசிய மாவுக்கு அடியில் வேர்த்திருந்தது.

"டேய் கார்ப்புஸ்," என்றான், ஹெல்வியுஸின் குரலில். "தேன் ரொம்ப நல்லா இருந்துச்சுடா."

கூட்டம் சிரித்தது. டோகாவின் மடிப்புக்குள் கையை விட்டு ஒரு கம்பளித் தொப்பியை எடுத்தான். அப்படியானால் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறான். எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்று யோசித்து வைத்திருக்கிறான். தொப்பியை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டி, கார்ப்புஸின் தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினான். "போடா. நீ சொந்த ஆளு." ஒரு கணம் அவனுடைய கண்ணில் என்னமோ இருந்தது, தன் குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜன்னல்களிலிருந்து ஆரவாரம் வந்தது. கண் மேலே போய்விட்டது. அவன் இருமிக்கொண்டே, கையை உயர்த்திக்கொண்டே, முன்னால் ஓடினான்.

சத்தம் கேட்டு நெப்ரிஸ் திரும்பினாள். பாடையின் பக்கவாட்டில், கார்ப்புஸின் தலையில் தொப்பியைப் பார்த்தாள். அவள் முகம் திறந்தது. வாயில் அவன் பெயர் வந்து நின்றது. பிறகு பக்கத்தில் சிரித்தவர்களைப் பார்த்தாள், கங்காணியைப் பார்த்தாள், முகம் மூடிக்கொண்டது. அவள் முன்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

கங்காணி தொப்பியை எடுக்கக் கையை நீட்டினான். கூட்டம் ஊளையிட்டது. அவனும் பல்லைக் காட்டிக் கையை இறக்கிக்கொண்டான்.

"சரி, இருக்கட்டும். ஊர் வாசல் வரைக்கும் போட்டுக்க," என்றான்.

கொம்பு ஊதியது. பாடை நகர்ந்தது. தொப்பி கார்ப்புஸின் தலைக்குப் பெரியது. நடக்க நடக்கப் புருவத்துக்குக் கீழே இறங்கியது. அவன் அதைத் தூக்கி விடவில்லை, கழற்றவும் இல்லை. அதன் விளிம்புக்குக் கீழே ஈரத் தெருவும், பாடை தூக்குகிறவர்களின் கால்களும், அவற்றுக்கு அப்பால் வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளை டோகாவின் ஓரமும் தெரிந்தன. ஓரத்தில் அதற்குள் சேறு பட்டிருந்தது.